அந்த மடக்கு மேசைக் காட்சி

பத்தாம் வகுப்புக்கு இரண்டாம் உலகப்போர் நடத்தும்போது ஹிட்லரின் நாஜிகளால் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்று சொல்வேன். பிள்ளைகள் அதை ஒரு மார்க் கேள்விக்கான விடையாக அடிக்கோடிட்டுக்கொள்வார்கள். மனசில் ஏறவில்லை என்பது முகத்திலேயே தெரியும்.

அதனால்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால், கடலூர் பக்கத்தில் நான் வேலை பார்க்கும் பள்ளியின் ஹைடெக் லேபில் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' போட்டேன். அந்தப் படுகொலையைப் பற்றி 1993-இல் ஸ்பீல்பெர்க் எடுத்த படம். மூன்றேகால் மணி நேரம் ஓடும். பிள்ளைகள் பார்க்கக் கூடாத காட்சிகளைத் தள்ளிவிட்டு, இரண்டு நாள் மதியம் காட்டினேன். அழுதார்கள். நானும் அழுதேன். நல்ல பாடம் நடத்திவிட்ட நிறைவோடு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் ஒரு பையன் எழுந்து, "மிஸ், ஜெர்மன்காரனுங்க எல்லாருமே இப்படித்தானா?" என்றான். பின் பெஞ்சிலிருந்து இன்னொருவன், "அவனுங்க ரத்தமே அப்படிடா" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரத்தத்தைப் பற்றிய இதே பேச்சைத்தானே 1935-இல் நாஜிகள், யூதர்களை ஒதுக்கிவைக்கும் நூரம்பெர்க் சட்டங்களாக எழுதினார்கள்! அவன்மேல் தப்பில்லை. படம் முடிந்து மணி அடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவிட்டது நான்தான்.

இப்போது முழுப் படம் போடுவதில்லை. அதன் தொடக்கத்தில், போலந்தின் கிராகோவ் ரயில் நிலையத்தில் மடக்கு மேசைகளை விரித்துப் போடுவார்கள். காகிதம், மை, தட்டச்சு இயந்திரம். வந்து இறங்கும் யூதக் குடும்பங்களிடம் பெயர் கேட்டுக் கேட்டுப் பட்டியல் அடிப்பார்கள். யாரும் யாரையும் அடிப்பதில்லை. அந்தச் சில நிமிடத்தோடு நிறுத்திவிடுவேன். "எதுக்கு மிஸ் பேரு எழுதுறாங்க?" என்று யாராவது கேட்பார்கள். மீதிப் பீரியட் அதற்கே போய்விடும்.

ஆப்பிரிக்காவின் ருவாண்டாவை ஆண்ட பெல்ஜியர்கள் 1930-களில் ஹுட்டு, டுட்சி என்று இனம் பிரித்து எழுதிக் கொடுத்த அடையாள அட்டையைச் சொல்வேன். 1994-இல் ஹுட்டு வெறியர்கள் சாலையில் மறித்து அந்த அட்டையைப் பார்த்துத்தான் டுட்சிகளை வெட்டினார்கள். சுமார் 100 நாளில் ஏறத்தாழ 8 லட்சம் பேர். டுட்சிகளைக் கரப்பான் பூச்சி என்று வானொலி சொல்லிச் சொல்லி ஏற்கெனவே காதுகளைப் பழக்கி வைத்திருந்தது. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் பட்டியலோடு தமிழர் வீடுகளைத் தேடி வந்ததையும் சொல்வேன். இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வரும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் முந்தின நாளே தனியாகக் கூப்பிட்டு, கேட்க முடியாதென்றால் நூலகத்தில் இருந்துகொள்ளலாம் என்று சொல்லிவிடுவேன். அவர்கள் வீட்டுக் கதை அது. மற்றவர்களுக்கான பாடப்பொருளாக அவர்களை உட்கார வைக்க எனக்கு மனசு வராது.

பிணக்குவியலைக் காட்டினால்தான் பதியும் என்று சொல்லும் ஆசிரிய நண்பர்கள் இருக்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. விஷவாயு அறையைப் பார்க்கும் பிள்ளை, இதெல்லாம் எங்கோ எப்போதோ நடந்தது என்று நிம்மதியாகிவிடும். பட்டப்பெயர் வைப்பது அதற்குத் தெரிந்த சங்கதி. சாதியைக் காட்டும் கலர் கயிறுகளை மாணவர்கள் கையில் கட்டக்கூடாது என்று 2019-லேயே பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. 2023-இல் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். இதைப் பேசாமல் ஹிட்லரை மட்டும் பேசி என்ன செய்ய?

தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். படம் போட அனுமதி தரும்போதே, பேசுவதற்கு இரண்டு பீரியடும் சேர்த்துத் தாருங்கள். சிலபஸ் முடியாது என்பீர்கள். நானும் முடிக்கத் திணறுகிறவள்தான்.

போன வருஷம் மேசைக் காட்சி முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, உங்களை யாராவது கூப்பிட்டு வலித்த பட்டப்பெயர் இருந்தால் எழுதுங்கள், உங்கள் பெயர் வேண்டாம் என்றேன். சாக்பீஸ் டப்பா நிரம்பிவிட்டது. வீட்டில் பிரித்துப் பார்த்தேன். ஒரு சீட்டில் சாதிப் பெயர் ஒன்றைச் சொல்லி, கீழே, "இப்படிக் கூப்புடறவன் என் பக்கத்துலதான் உக்காந்திருக்கான் மிஸ்" என்று இருந்தது.

எழுத்தை வைத்து யாரென்று கண்டுபிடித்திருக்கலாம். கண்டுபிடிக்கவில்லை. மறுநாள் வகுப்பை அந்த வரியிலிருந்துதான் தொடங்கினேன்.