குப்பை ரோடு பற்றிப் பேசுவோமா, கொஞ்சம் விவரமாக

தார் ரோட்டில் குப்பையைக் கலக்கிறார்கள் என்றதும் எல்லோருக்கும் பிளாஸ்டிக் ரோடுதான் ஞாபகம் வருகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கொண்டுவந்த முறை, 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. துண்டு துண்டாக வெட்டிய கேரி பேக்கைச் சூடான ஜல்லி மேல் போட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் தார். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை.

ஆனால் அதே கலவையில் ஃபில்லர் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. 75 மைக்ரான் சல்லடையில் பெரும்பகுதி கீழே இறங்கிவிடும் அளவுக்கு நைசான தூள். ஜல்லிக்கு நடுவில் இருக்கும் சந்துகளை அடைப்பதும், தாரோடு சேர்ந்து அதை இறுக்கமாக்குவதும் இதுதான். குறைந்தால் வெயிலில் ரோடு இளகி டயர்த் தடம் விழும், கூடினால் விறைத்துப் போய் வெடிப்பு விடும். வழக்கமாகக் கல் தூளோ சுண்ணாம்போ சிமெண்டோ போடுவார்கள். அந்த இடத்தில் அனல்மின் நிலையச் சாம்பலையோ மார்பிள் அறுக்கும்போது வரும் தூளையோ போடலாம் என்பதுதான் விஷயம். எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் சாம்பலுக்கா பஞ்சம்? எண்ணூரில் அது கொசஸ்தலை ஆற்றில் கலந்து கிடப்பதை மீனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதற்காக இதனால் சாம்பல் மேடெல்லாம் காணாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கலவையில் ஃபில்லரின் பங்கு ரொம்பக் கொஞ்சம். மலை மலையாகச் சாம்பலைக் காலி செய்ய வேண்டுமென்றால் அது ரோட்டுக்கு அடியில் மண்ணுக்குப் பதிலாகக் கொட்டி மேடு கட்டும் வேலையில்தான் முடியும். ஃபில்லரில் லாபம் வேறு, சுண்ணாம்பும் சிமெண்டும் மிச்சம், அவ்வளவுதான், அதுவே போதும்.

எனக்குப் பயம் எதில் என்றால், "மறுசுழற்சி" என்ற பெயரில் கண்ட தூளையும் கொட்டிவிடுவார்களோ என்பதில். தூளில் களிமண் இருந்தால் மழைத் தண்ணீர் உள்ளே போய் ஜல்லியிலிருந்து தாரை உரித்துவிடும், அப்புறம் குழிதான். அதனால்தான் ஃபில்லரின் பிளாஸ்டிசிட்டி இன்டெக்ஸ், அதாவது தூளின் களிமண் தன்மையைக் காட்டும் எண், 4-க்கு மேல் போகக்கூடாது என்று நம் நாட்டு விதியே இருக்கிறது. லேபில் ஒரு சின்ன டெஸ்ட், அதைச் செய்ய என்ன கஷ்டம்? ரோடு போடும் இடத்தில் காண்ட்ராக்டர் பெயரும் தொகையும் எழுதிப் பலகை வைக்கிறார்களே, அதிலேயே என்ன ஃபில்லர், டெஸ்ட் ரிசல்ட் என்ன என்று ஒரு வரி சேர்த்து எழுதட்டும். சாம்பல் கலந்த ரோட்டில் வண்டி ஓட்ட எனக்கு ஒரு ஆட்சேபனையும் இல்லை.