கறுப்புக் கட்டம் வந்தால் கேம்பாய் உயிரோடுதான் இருக்கிறது

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நேரில் பார்த்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். மற்றவர்களும் இதற்குள் கேள்விப்பட்டிருப்பீர்கள். முழுக்கதையும் மறுபடி வேண்டாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பையன் கொண்டுவந்த கேம்பாயை, அதாவது நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியை, ஓடவிட்டபோது திரையில் வெறும் கறுப்புக் கட்டம்தான் வந்தது. கேசட்டை ஊதினார்கள், உப்புத்தாளால் தேய்த்தார்கள், பிறகு கைவிட்டார்கள். அந்தப் பையன் எதுவும் பேசாமல் அவன் அப்பாவின் பழைய கேம்பாயைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தானே, அது மட்டும் மூன்று நாளாக என் கண்ணை விட்டுப் போகவில்லை.

"போர்டு போச்சு தம்பி, ஷோகேஸ்ல வெச்சுக்கோ." அவனிடம் இதைச் சொல்ல அங்கிருந்தவர்களுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

போர்டு, அதாவது கருவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகை, போகவில்லை. அன்று சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1989-ல் வந்த அந்த முதல் கேம்பாய்க்குள் 256 பைட் அளவில் ஒரு குட்டி நிரல் இருக்கிறது. ஸ்விட்சைப் போட்டதும் முதலில் ஓடுவது அதுதான். கருவியில் சொருகும் விளையாட்டுக் கேசட்டிலிருந்து நிண்டெண்டோ என்ற எழுத்தின் படத்தை, வெறும் 48 பைட், எடுத்துத் திரையில் மேலிருந்து கீழே இறக்கும். டிங் என்று ஒலி எழுப்பும். பிறகு தன்னிடம் உள்ள நகலோடு அதை ஒப்பிடும். உரிமம் வாங்காத கேசட்டுகளைத் தடுக்க வைத்த பூட்டு அது. ஒரு பிட் மாறினாலும் அங்கேயே நின்றுவிடும். கேசட்டின் உலோகத் தொடுமுனைகளான பின்களில் சில மட்டும் சரியாகத் தொடவில்லை என்றால் எழுத்து சிதைந்து வரும். கேசட்டிலிருந்து எதுவுமே வரவில்லை என்றால் முழுக் கறுப்புக் கட்டமாக வரும். அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் கட்டத்தின் வலது மேல் மூலையைப் பார்த்தீர்களா? வட்டத்துக்குள் ஒரு சின்ன ஆர் எழுத்து, துளியும் சிதையாமல் இருந்தது. நான் குனிந்து பார்த்தேன். அது கேசட்டிலிருந்து வருவதில்லை, கருவிக்குள்ளேயே இருப்பது. நிரல் ஓடியது, திரை வேலை செய்தது, ஒலி வந்தது. செத்துப்போன போர்டு இவ்வளவும் செய்யுமா?

"நாங்க எல்லாம் ஊதி ஊதித்தான் விளையாடினோம்" என்பீர்கள். நானும்தான் ஊதினேன். ஊதியதால் அது ஓடவில்லை, கழற்றி மறுபடி சொருகியதால் ஓடியது. மூச்சில் இருக்கும் ஈரம் பின்களில் தங்கி அரிக்கும். ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோவே சொல்லியிருக்கிறது. சரி, ஊதியதைக்கூட விடுங்கள். உப்புத்தாளை எடுத்துத் தேய்த்ததை என்ன சொல்வது? அந்தப் பின்களின் மேல் இருப்பது மிக மெல்லிய தங்கப் பூச்சு. ஒருமுறை போனால் போனதுதான்.

போர்டு நிஜமாகவே பழுதாக வாய்ப்பில்லையா என்று ஒருவர் கேட்டார். உண்டு. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தொண்ணூறுகளில் மாமா சிங்கப்பூரிலிருந்து எனக்கு ஒரு கேம்பாய் வாங்கி வந்தார். டபுள் ஏ பேட்டரி நான்கு போட வேண்டும். தீர்ந்தால் அடுத்த செட் வாங்க அப்பாவிடம் கெஞ்ச வேண்டும். ஒருநாள் இதே கறுப்புக் கட்டம் வந்தது. ஊதினேன், தட்டினேன், வெயிலில் வைத்தேன். தெரிந்த கடையில் காட்டியபோது இதே வார்த்தையைத்தான் சொன்னார்கள். நம்பினேன். பரணில் கிடந்ததை அம்மா எடுத்து, "இது ஓடுமாடா?" என்று கேட்டபோது, "இல்லம்மா, போச்சு" என்று சொன்னவன் நான்தான். பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விட்டது. அந்தக் கட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று படித்துத் தெரிந்துகொள்ள எனக்கு இருபது வருஷம் ஆனது. மாமா இப்போது இல்லை.

"ஒரு பழைய பொம்மைக்கு இவ்வளவு பேச்சா" என்று சிரித்தவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவன் அதைப் பொம்மையாகக் கொண்டுவரவில்லை. அதன் பின்பக்கம் அவன் அப்பா பேனாவால் எழுதிய பெயர் பாதி அழிந்திருந்தது. கையில் வாங்கிய ஒருவர்கூடவா அதைப் பார்க்கவில்லை?

தம்பி, இதைப் படித்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடாதே. அந்த ஒரு கேசட்டை உப்புத்தாள் கெடுத்திருந்தாலும் கருவி நன்றாக இருக்கிறது. வேறு கேசட் போட்டுப் பார்க்கலாம். ரிச்சி தெருவில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கிவிட்டேன், காது பட்ஸ் வீட்டில் இருக்கிறது. கேசட்டைத் திறக்கும் 3.8 மில்லிமீட்டர் ஸ்க்ரூடிரைவரும் என்னிடம் உண்டு. பின்களைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, அப்புறம் சொருகிப் பார்ப்போம். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கே வந்துவிடுவேன். அப்பா விளையாடிய கேசட்டுகள் வேறு ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்து வா.