அம்மப்பா சித்தியடைந்தார்

போன கிழமை ஓ.எல். (சாதாரண தரப் பரீட்சை) பிள்ளைகளுக்கு ஓர் ஆங்கிலப் பந்தியைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொன்னேன். மட்டக்களப்பு மாவட்டம் களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு விறாந்தைதான் வகுப்பறை. இருபது பிளாஸ்டிக் கதிரை, ஒரு வெள்ளைப் பலகை, கரண்ட் இருந்தால் ஒரு ஃபேன். பந்தியில் 'மை கிராண்ட்பாதர் பாஸ்ட் லாஸ்ட் இயர்' என்று ஒரு வசனம் இருந்தது, காலமானார் என்பதுதான் அதன் கருத்து. பின்வரிசைப் பொடியன் ஒருவன் எழுதியிருந்தான்: "எனது அம்மப்பா போன வருடம் சித்தியடைந்தார்."

வாசித்துக் காட்டியதும் வகுப்பே சிரித்தது. "எத்தனை ஏ எடுத்தவராம்?" என்று ஒருத்தன் கேட்டான். எழுதினவனுக்கு முகம் சுருங்கிப் போய்விட்டது. நானும் சிரித்தேன், பொய் சொல்லக் கூடாது. ராத்திரி கொப்பி திருத்த உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. ஒரு சாமியார் காலமானால் நாம் என்ன சொல்கிறோம்? 'சித்தியடைந்தார்' என்றுதானே சொல்கிறோம்? பொடியன் தன் அம்மப்பாவைச் சித்தர் வரிசையில் கொண்டுபோய் இருத்திவிட்டான், அவ்வளவுதான். பரீட்சையில் சித்தி, மறைவிலும் சித்தி, அம்மாவின் தங்கையும் சித்தி. ஆங்கிலக்காரன் ஒருவன் தமிழ் படிக்க வந்து இந்த மூன்றையும் கண்டால் எங்களைப் பற்றி என்ன பதிவு போடுவான்?

பதிவு என்றதும்தான் இதை எழுதும் காரணமே. சில நாட்களுக்கு முன் இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: ஆங்கிலம் பிச்சைக்கார மொழியாம், ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஐம்பது வேலை பார்க்கிறதாம், தமிழில்தான் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டாம். அறுநூறு பேருக்கு மேல் லைக் போட்டிருந்தார்கள். அதே கிழமை ஒரு பிள்ளை வேறொரு ரியூசனில் கொடுத்த தாள் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். 'பாஸ்' என்ற சொல்லுக்குப் பதினான்கு கருத்து, ஒன்றன்கீழ் ஒன்றாக. பாடமாக்கிக்கொண்டு வரச் சொன்னார்களாம். பதிவு போட்டவருக்கும் அந்தத் தாளை அடித்தவருக்கும் ஒரே நோய் என்பது என் எண்ணம். இரண்டு பேருமே சொல்லைக் கடையில் அடுக்கிவைத்த டப்பா மாதிரிப் பார்க்கிறார்கள்.

1989இல் வந்த ஒக்ஸ்போர்ட் பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்' என்ற வினைச்சொல்லுக்கு மட்டும் 430 கருத்துகள். எந்தப் பிள்ளை பாடமாக்கும்? அதைவிட, எந்த வெள்ளைக்காரன் பாடமாக்கினான்? அடிக்கடி புழங்கும் சொல்லுக்கு வேலை கூடும். எங்கள் 'போடு' என்ன செய்கிறது? சட்டை போடுகிறோம், தேத்தண்ணி போடுகிறோம், ஊசி போடுகிறோம், சண்டை போடுகிறோம், ஆடு குட்டி போடுகிறது. ஆங்கிலத்தைத் திட்டி அவர் பதிவும் 'போட்டார்'.

சரி, பாஸுக்கு வருவோம். இந்தச் சொல்லை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அது வீட்டுக்கு வந்தது.

யுத்த காலத்தில் எங்கள் சித்தி (அம்மாவின் தங்கை, பரீட்சை இல்லை) வவுனியாவில் இருந்தா. அவ வாயில் பாஸ் என்றால் ஒரு துண்டுக் கடதாசி. ஒரு நாளைக்கு ஒன்று, ஒரு கிழமைக்கு ஒன்று, ஒரு மாதத்துக்கு ஒன்று என்று பல வகை. அது இல்லாமல் அங்கே தங்கவும் முடியாது, கொழும்புப் பக்கம் போகவும் முடியாது. தோய்த்த சட்டையின் பையில் பாஸை மறந்துவிட்டு, அது நனைந்து பிய்ந்துபோன நாளில் சித்தி அழுத அழுகையைப் பற்றி அம்மா இன்னும் கதைப்பா. 2020இல் ஊரடங்கு வந்தபோது பொலிசில் போய் எடுத்ததும் பாஸ். 2022 ஜூலையில் பெற்றோலுக்கு கியூஆர் வந்ததே, அதற்கும் அரசாங்கம் வைத்த பெயர் பாஸ்தான். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீட்டர். ஆகவே எங்கள் பக்கத்தில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட ஒருவரிடம் "பாஸ் இருக்கா?" என்று கேட்டால், முதலில் சட்டைப் பையைத்தான் தடவுவார். அவருடைய மகன் ஓ.எல். சேட்டிபிக்கட்டைத் தேடுவான்.

பரீட்சைப் பாஸிலும் எத்தனை சாதி! 35 எடுத்தால் எஸ், அதுவும் பாஸ். ஆனால் ஏ.எல். (உயர்தரம்) படிக்கத் தாய்மொழியும் கணிதமும் சேர்ந்த ஆறு பாடத்தில் பாஸ் வேண்டும், அதிலும் குறைந்தது மூன்று சீ ஆக இருக்க வேண்டும். "பாஸா?" என்று கேட்கும் மாமிமாருக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. பிள்ளை "ஓம்" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடும். வினாவிடைப் போட்டியில் கதை தலைகீழ். அங்கே "பாஸ்" என்றால் எனக்குப் பதில் தெரியாது, அடுத்தவரிடம் போங்கள் என்று அர்த்தம். தெரிந்தாலும் பாஸ், தெரியாவிட்டாலும் பாஸ்.

என் மாமா ஒப்பரேஷன் முடிந்து வார்ட்டில் கிடந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். நேர்ஸ் வந்து, "ஐயா யூரின் பாஸ் பண்ணினவரா?" என்று மாமியிடம் கேட்டா. மாமி சும்மா தலையாட்டிவிட்டு வெளியே வந்து எல்லோருக்கும் கோல் எடுத்துச் சொல்லத் தொடங்கிவிட்டா: "யூரின் டெஸ்ட் பாஸாம் மகள், இனிப் பயமில்லையாம்." இரண்டு மணித்தியாலம் கழித்து நேர்ஸ் திரும்பவும் வந்து அதையே கேட்டபோது மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "பாஸ் எண்டு நீங்கதானே சொன்னீங்க, மறுகா என்ன?" சிரிக்கிற கதைதான். ஆனால் அந்த இரண்டு மணித்தியாலமும் மாமா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் கிடந்தார். ஆஸ்பத்திரியில் 'சலம் போனதா?' என்று கேட்டால் எந்தக் குறையும் வந்துவிடாது. இது என் தனிப்பட்ட கருத்து, நேர்ஸ்மார் கோபிக்க வேண்டாம்.

இன்னொரு பாஸ் இருக்கிறது. அது இந்தக் குடும்பத்துப் பிள்ளையே இல்லை, தமிழ் எழுத்தால் வந்து ஒட்டிக்கொண்டது. வீடு கட்டினவர்களுக்குத் தெரியும்: பிரதேச சபையில் பிளான் பாஸாக வேண்டும், அதன்பிறகுதான் பாஸ் வருவார். இரண்டாவது பாஸ் மேசன் பாஸ். அது ஒல்லாந்து மொழியில் தலைவன், எசமான் என்று பொருள்படும் சொல். சிங்களம் எடுத்துக்கொண்டது, அங்கிருந்து எங்களிடம் வந்தது. அதே சொல் ஒல்லாந்தரோடு அமெரிக்காவுக்கும் போய் ஆங்கிலமாகி, ஒபீசில் நாங்கள் பயப்படுகிற 'பொஸ்' ஆனது. மட்டக்களப்புப் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628இல் கட்டினார்கள், பத்து வருடத்தில் ஒல்லாந்தர் பிடித்தார்கள். ஒல்லாந்தரும் போய்விட்டார்கள். பாஸ் மட்டும் இன்னும் வேலைக்கு வருகிறார், அதுவும் பத்து மணிக்கு.

அப்புறம், பிள்ளைகள் எல்லோரும் சொல்கிற 'பாஸ் பேப்பர்'. கடைகளில்கூட அப்படித்தான் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அது 'பாஸ்ட் பேப்பர்', பழைய வினாத்தாள். பாஸாவதற்குச் செய்யும் பேப்பர் என்றே பிள்ளைகள் நினைக்கிறார்கள். பல வருடம் இதைத் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த 'பாஸ்ட்' பிறந்ததே 'பாஸ்' என்ற வினையிலிருந்து என்று. போய் முடிந்ததுதான் பாஸ்ட். பிள்ளைகள் விட்டது கடைசி எழுத்தை மட்டும். இப்போது திருத்துவதில்லை, எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு காலடிதான் இருக்கிறது. லத்தீனில் 'பாசுஸ்' என்றால் நடக்கும்போது எடுத்துவைக்கும் அடி. உரோமர் ஆயிரம் பாசுஸைத்தான் ஒரு மைல் என்றார்கள். அடி வைத்தால் ஓர் இடத்தைத் தாண்டுவோம். வாசலைத் தாண்டவிடும் கடதாசி பாஸ். வகுப்பைத் தாண்டினால் பாஸ். பந்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போனால் பாஸ். சலம் உடம்பைத் தாண்டினால் பாஸ். மலையை எந்த இடத்தால் தாண்டலாமோ அந்த இடம் பாஸ். உயிர் தாண்டினாலும் பாஸ். பதினான்கு கருத்து என்று அச்சடித்த தாளில் இருந்தது ஒரே ஒரு நடைதான்.

மலை என்றதும் ஒன்று. சின்ன வயதில் சரித்திரப் புத்தகத்தில் 'கைபர் கணவாய் வழியாகப் படையெடுத்து வந்தார்கள்' என்று படித்தேன். எங்கள் ஊரில் கணவாய் என்றால் சட்டியில் கொதிக்கிற கறி. கறுப்பு மையும் நீண்ட கைகளுமாக ஒரு கணவாய், அதன் வயிற்றுக்குள்ளால் குதிரைப் படை வருகிறது. பல நாள் அந்தப் படம்தான் என் தலைக்குள் ஓடியது.

இந்த நடையைத் தமிழும் நடந்திருக்கிறது என்பதைத்தான் அந்தப் பதிவுக்காரருக்குச் சொல்ல ஆசை. 'கட' என்ற சொல்லை எடுங்கள். கடவுச்சீட்டு, கடவுச்சொல், மஞ்சள் கடவை, கடந்த வருடம், கடந்தகால வினாத்தாள். எல்லாம் ஒரு வேர். அதையே பிறவினையாக்கினால் 'கடத்து'. விஞ்ஞானப் பாடத்தில் செம்பு மின்னைக் கடத்தும். வேலையில்லாதவன் காலத்தைக் கடத்துவான். ஆளைக் கடத்தினார்கள் என்ற வசனத்தை எங்கள் மாவட்டத்தில் யாரும் உதாரணத்துக்குச் சொல்வதில்லை. வகுப்பில் அந்த இடத்தில் நான் செம்போடு நிறுத்திவிடுவேன்.

'கட'வை விட என்னைப் பிடித்துவைத்திருப்பது 'இற'. இன்று அதற்குச் சாவு என்று மட்டும்தான் பொருள் என்று நினைக்கிறோம். பழைய தமிழில் அது தாண்டிப் போவது. ஆனையிறவை ஆங்கிலத்தில் என்ன சொல்கிறார்கள்? 'எலிபன்ட் பாஸ்'. ஆனை செத்த இடம் என்று சுற்றுலாப் போன பிள்ளை ஒன்று கட்டுரை எழுதியிருந்தது. ஆனை கடந்த இடம் அது. தமிழ் இலக்கணத்தில் 'இறந்தகாலம்' என்கிறோம். அது செத்த காலம் இல்லை, தாண்டிப்போன காலம். ஆங்கிலத்தின் 'பாஸ்ட்' அச்சொட்டாக அதேதான். திருக்குறளில் 'பொறுத்தல் இறப்பினை என்றும்' என்று வருகிறதே, அந்த இறப்பு மரணம் இல்லை, ஒருவர் எல்லை தாண்டி நமக்குச் செய்த தீங்கு. ஆங்கிலத்தில் அதற்கு 'ட்ரெஸ்பாஸ்' என்று ஒரு சொல். வேலியில் பலகை தொங்கவிடுவார்களே, அது. பாஸ் அதற்குள்ளும் நிற்கிறது. அந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொடுத்த பிரெஞ்சு மொழியில் அதற்கு இன்று சாவது என்று பொருள். கடப்பது, கடந்த காலம், எல்லை மீறுவது, சாவது என்று நாலு இடத்துக்கும் 'இற' போயிருக்கிறது, 'பாஸ்' குடும்பமும் போயிருக்கிறது. ஒன்றையொன்று பார்த்து எழுதவில்லை.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லப் பத்து நிமிடம் போதும். ஆனையிறவையும் இறந்தகாலத்தையும் பலகையில் எழுதி, ஒரு கோடு இழுத்து, அம்மப்பாவில் கொண்டுபோய் முடித்தால் சரி. தன் மொழியில் ஏற்கனவே தெரிந்த ஒன்றைத்தான் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் திரும்பப் பார்க்கிறது. பதினான்கு கருத்துத் தாளை வைத்துக்கொண்டு ஒரு மாதம் அல்லாடுகிறோம். 'ஆங்கிலத்துக்குத் தமிழைக் கலக்காதீர்கள், பிள்ளை கெட்டுப்போகும்' என்று என்னிடம் சொன்ன பெற்றோர் இருக்கிறார்கள். இரண்டு பேர் பிள்ளையை நிற்பாட்டியும் விட்டார்கள். அவர்களிடம் இதையெல்லாம் விளக்க எனக்கு வாய் போதவில்லை, எழுதத்தான் வருகிறது.

போன சனிக்கிழமை அந்தப் பத்து நிமிடத்தைச் செலவழித்துப் பார்த்தேன். சிரிப்புக்கு ஆளான பொடியன்தான் முதலில் கை தூக்கி, "அப்ப நான் எழுதினது சரியா டீச்சர்?" என்று கேட்டான். பரீட்சையில் அப்படி எழுதாதே மகன், காலமானார் என்று எழுது என்றேன். மற்றவர்களிடம் பாஸ் வைத்துச் சொந்தமாக ஒரு வசனம் எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலும் 'ஐ பாஸ்ட் த எக்ஸாம்'தான்.

மண்டூரில் இருந்து வருகிற ஒரு பிள்ளை அன்றைக்கு அரை மணித்தியாலம் பிந்தித்தான் வந்தாள். அவள் குருமண்வெளியால் வாவியைக் கடந்து வர வேண்டும். வெளியூர் ஆட்களுக்கு ஒரு விளக்கம்: எங்கள் பக்கம் 'பாதை' என்றால் றோட்டு மட்டும் இல்லை. வாவிக்குக் குறுக்கே ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவைக்கும் பாதை என்றுதான் பெயர். பாதை வரும், பாதை போகும், பாதை பழுதாகி நிற்கும். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தபிறகு அங்கே பாதை போய்விட்டது. குருமண்வெளியில் அதுதான் இன்னும் பாதை.

அவள் எழுதியிருந்த வசனம்: 'ஐ மிஸ்ட் த பாஸ், சோ ஐ ஆம் லேட்.'

ஏன் இப்படி எழுதினாய் என்று கேட்டேன். "பாதை போயிட்டு டீச்சர், அடுத்த பாதைக்கு நிண்டு வந்தன்" என்றாள். சிவப்புப் பேனை கையில்தான் இருந்தது. கொப்பியைத் திருப்பிக் கொடுக்காமல் மேசையில் வைத்திருக்கிறேன். நாளைக்கு வகுப்பு.