உண்டியல் காசு என்று சிரித்தவருக்கு

போன ஞாயிறு ஓசூர் மண்டபத்தில் கிரிப்டோ முதலீட்டுக் கூட்டம். கிரிப்டோ என்றால் பிட்காயின் போல இணையத்தில் மட்டும் இருக்கும் நாணயங்கள். அங்கே நடந்ததைக் கேட்டு நாலு நாளாகப் போன் வந்துகொண்டே இருக்கிறது. வீடியோ பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்லத் தேவையில்லை. மேடையில் இருந்தவர் "மாசம் எவ்வளவு போடுறீங்க?" என்றார். "ரெண்டாயிரம்" என்றேன். "அது முதலீடு இல்லைங்க சார், உண்டியல்" என்று மைக்கிலேயே சொன்னார். மண்டபமே சிரித்தது. சிரித்ததுகூடப் போகட்டும். அடுத்து சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "வீட்டில் சும்மா கிடக்கிற நகையை அடகு வைத்தாவது ஒரே தடவையில் பிட்காயின் வாங்கிப் போடுங்க."

எனக்குப் பக்கத்து நாற்காலியில் பாகலூரிலிருந்து வந்த ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறார். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் அவர் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போனது. அப்புறம் மெதுவாக என்னிடம் கேட்டார்: "நாலு பவுனுக்கு எவ்வளவு கொடுப்பாங்க தம்பி?" இது வீடியோவில் இல்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கிரிப்டோவில் மாதாமாதம் கொஞ்சமாக வாங்குவது அதிக லாபம் பார்க்க அல்ல. விலை விழும்போது பயந்து ஓடாமல் உள்ளே இருக்க.

"ஆய்வே இருக்கிறதே, மொத்தமாகப் போட்டால்தான் லாபம்" என்று சிலர் வருவீர்கள். இருக்கிறது. வான்கார்ட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனம் 2012ல் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா கணக்குகளை வைத்துப் பார்த்தது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை மொத்தமாகப் போட்டவர்தான் முந்தினார். நான் மறுக்கவில்லை. ஆனால் அது பங்குகளும் கடன் பத்திரங்களும் கலந்த முதலீட்டைப் பற்றியது. அதைவிட முக்கியம், கையில் ஏற்கெனவே பணம் வைத்திருப்பவர் அதை இன்றே போடுவதா, பிரித்துப் போடுவதா என்ற கேள்வி அது. சிப்காட்டில் மாதச் சம்பளம் வாங்குகிறவனிடம் எந்த மொத்தம் இருக்கிறது? அவனிடம் மொத்தம் என்றால் அது நகை, இல்லையென்றால் கடன். அந்த ஆய்வில் யாரும் தாலிக்கொடியை அடகு வைக்கவில்லை.

என் தம்பி வைத்தான். தாலிக்கொடி இல்லை, அவன் மனைவியின் வளையலும் ஆரமும். அதோடு மாந்தோப்புக் குத்தகைப் பணமும் சேர்த்து 3 லட்சம். 2021 நவம்பர், பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டுக்கொண்டிருந்த வாரம். ஒரே நாளில் எல்லாம் போட்டான். மறு வருஷம் அதே நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற பெரிய கிரிப்டோ சந்தை நிறுவனம் திவாலாகி, விலை 16,000 டாலருக்கும் கீழே போனது. ராத்திரி ரெண்டு மணிக்கு வாசல் திண்ணையில் உட்கார்ந்து, போர்வைக்குள் போனை வைத்து விரலால் இழுத்து இழுத்துப் பார்ப்பான். முகத்தில் அந்த நீல வெளிச்சம் மட்டும் தெரியும். நான் எழுந்து போனால் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவான். நகைக் கடன் கெடு வந்தபோது எண்பதாயிரத்துச் சொச்சத்துக்கு விற்றான். அந்த நஷ்டத்தை வேறு எதிலும் கழிக்கவும் முடியாது. 2022 ஏப்ரலிலிருந்து லாபம் வந்தால் 30 சதவீதம் வரி, நஷ்டம் வந்தால் அது உன் பாடு, இன்னொரு காயினில் வந்த லாபத்தோடுகூட நேர் செய்ய முடியாது. இதை மேடையில் ஒருவரும் சொல்லவில்லை.

"விற்காமல் இருந்திருந்தால்?" என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டீர்கள், அவன் எதிரிலேயே. ஆமாம், 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலர் தாண்டியது. வைத்திருந்தால் 3 லட்சம் 5 லட்சமாகியிருக்கும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது எதை வைத்திருப்பது? மூன்று வருஷம் பொறு என்று சொல்வது சுலபம். பொறுக்க முடியாத பணத்தைப் போடச் சொல்லிவிட்டு, பிறகு பொறுமை இல்லை என்று அவனையே குறை சொல்வது என்ன நியாயம்?

நானும் அதே வருஷங்களில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். சம்பளத் தேதிக்கு மறுநாள் 2,000. 2022 நவம்பரில் அதே 2,000க்கு ஒரு வருஷம் முன்பு கிடைத்ததைவிட மூன்று மடங்குக்கு மேல் கிடைத்தது. நான் கெட்டிக்காரன் என்று சொல்லவில்லை. எனக்கும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் ராத்திரி தூங்கினேன். அந்தப் பணம் போனாலும் பள்ளிக் கட்டணமும் அரிசியும் நிற்காது என்று தெரியும்.

எங்கள் அப்பாவுக்குக் கிரிப்டோ என்றால் என்னவென்று தெரியாது. பாலக்கோட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தக்காளி வைக்கிறார். ஒரே நாளில் முழுசும் நாற்று நட்டதை நான் பார்த்ததே இல்லை. ஒரு பாத்தி நடுவார், பதினைந்து இருபது நாள் விட்டு அடுத்தது. ஒரு தடவை கேட்டதற்கு, "எந்த வாரம் விலை வரும்னு மண்டிக்காரனுக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்" என்றார். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்களிடம் பறிக்க ஒரு பாத்திதான் இருந்தது. ஊரே அப்பாவைப் பார்த்து, முழுசும் வைத்திருக்கலாமே என்றது. பறிகூலிகூடக் கட்டாமல் பழத்தை மாட்டுக்குப் போட்ட வருஷங்களில் ஒருவரும் வந்து எதுவும் கேட்கவில்லை.

கிரிப்டோவே சூதாட்டம் என்பவர்களோடு இன்று சண்டை இல்லை. பயம் இருந்தால் வராதீர்கள், அதுவும் சரிதான்.

ஆனால் சின்னப் பணத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அம்மா சொசைட்டிக்குப் பால் ஊற்றி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்த பணத்தில்தான் ஏலச்சீட்டு கட்டினார். அந்தச் சீட்டில்தான் நான் பாலிடெக்னிக் முடித்தேன். முந்தானையில் முடிந்த நோட்டுகளைக் கல்லூரி கவுண்டரில் அவர் ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அன்றைக்கும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமையும் அதையேதான் செய்தேன். எழுந்து நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நேற்று அந்த அக்கா போன் செய்தார். நகையை இன்னும் வைக்கவில்லையாம், வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டுவிட்டாராம், என்ன செய்யலாம் என்று கேட்டார். போனில் சொன்னால் சரியாக வராது, வருகிற ஞாயிறு காலை பாகலூருக்கு வருகிறேன், அதுவரை சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். தம்பியும் கூட வருகிறேன் என்கிறான்.