துப்பாக்கி உறை விற்கிறவர்களே, முதலில் துப்பாக்கியைப் பற்றிக் கேளுங்கள்

என்ன துப்பாக்கி, குழல் எத்தனை அங்குலம், இடுப்பில் மாட்டுவதா தோளில் மாட்டுவதா? உறை விற்கிறவர் கேட்க வேண்டியது இவ்வளவுதான். நாகர்கோவிலில் கேட்கவில்லை, மார்த்தாண்டத்தில் கேட்கவில்லை, ஆன்லைனில் விற்கிறவர்களும் கேட்கவில்லை. எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, "பிரவுனா, கறுப்பா?" ஐந்நூறு ரூபாய் செருப்புக்குக்கூட கால் அளவு கேட்கிறார்கள். தோட்டா நிரம்பிய ஒரு பொருளை இடுப்பில் தாங்க வேண்டிய உறைக்கு நிறம் போதுமாம். வயிறு எரிகிறது.

எனக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். குலசேகரம், அருமனை பக்கம் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பணம் பட்டுவாடா செய்ய வேண்டும். அதற்காக முறைப்படி லைசென்ஸ் எடுத்து வைத்திருப்பது கான்பூரில் அரசுத் தொழிற்சாலை செய்த .32 ரிவால்வர். குழல் மூன்று அங்குலம், ஆறு தோட்டா, எல்லாம் சேர்ந்து முக்கால் கிலோவை ஒட்டி வரும். பைக்கில் போகிறவன் நான். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலையோர ரோடுகள் எப்படிக் கிடக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு, உறை ஏன் இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கடையில் பெருமையாக ஒன்றை எடுத்துப் போட்டார்கள். "சார், இது கௌபாய் மாடல் ஆக்கும். எல்லா ரிவால்வருக்கும் சேரும், பாத்துக்கிடுங்க." தோலில் பூவேலைப்பாடு, கீழே தொங்கும் வார், முன்பக்கம் பிறைபோல ஆழமாக வெட்டி விட்டிருந்தார்கள். என் ரிவால்வரின் அளவுக்கு ஒரு அட்டையை வெட்டி எடுத்துப் போயிருந்தேன். அதை உள்ளே விட்டுப் பார்த்தால் கைப்பிடி பாதி உள்ளே போய்விட்டது, டிரிகர் இருக்கும் இடம் முழுக்க வெளியே தெரிந்தது. தெரிந்தால் என்ன என்கிறார் விற்கிறவர்!

என்னவென்று விளக்கமாகவே சொல்கிறேன். அந்த மாடல் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வருக்காக அமெரிக்காவில் பிறந்தது. 1873இல் கோல்ட் (Colt) கம்பெனி கொண்டுவந்த ரிவால்வரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியலான ஹாம்மரை ஒவ்வொரு முறையும் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து நிறுத்தினால்தான் டிரிகருக்கு வேலையே உண்டு. ஹாம்மர் இறங்கிக் கிடக்கும்போது டிரிகரை எவ்வளவு அழுத்தினாலும் வெடிக்காது. அதனால் டிரிகர் வெளியே தெரியும் உறையை வைத்து அவர்கள் காலம் தள்ளினார்கள். அந்தத் துப்பாக்கியின் ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. ஹாம்மர் நேராகத் தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து ஹாம்மரில் அடிபட்டால் வெடித்துவிடும். ஆறு அறை இருந்தும் ஐந்தில் மட்டும் தோட்டா போட்டு, ஹாம்மருக்குக் கீழே வரும் அறையைக் காலியாக விடுவது அதனால்தான் வழக்கமானது. ரூகர் என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனி, டிரிகரை அழுத்தும்போது மட்டும் எழும்பி ஹாம்மரின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் ஒரு பட்டையை 1973இல் இடையில் வைத்த பிறகுதான் அதன் புது மாடல்களில் இந்தக் கவலை தீர்ந்தது. அசல் கௌபாய் உறையில் ஹாம்மரைச் சுற்றி மாட்டும் ஒரு தோல் வளையம் இருக்கும். துப்பாக்கி துள்ளி வெளியே விழாமல் காப்பது அதுதான். விற்பனைக்கு வந்த காப்பியில் அந்த வளையத்தைத்தான் காணோம். பூவேலைப்பாடு மட்டும் ஒன்றுவிடாமல் வந்திருக்கிறது.

என்னிடம் இருப்பது டபுள் ஆக்‌ஷன். டிரிகரை ஒரே அழுத்தாக அழுத்தினால் போதும், ஹாம்மர் தானே எழும்பி அடிக்கும். சட்டை நுனியோ சாவிக்கொத்தோ விரலோ உள்ளே போய் மாட்டினால் என்ன ஆகும்? ஆகவே டிரிகரும் அதைச் சுற்றிய வளையமும் முழுக்கத் தோலுக்குள் மூடியிருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது. குழல் நீளமும் அப்படித்தான். அந்த கோல்ட் ரிவால்வர் 4¾, 5½, 7½ அங்குலக் குழல்களில் வந்தது. அதற்கு வெட்டிய உறைக்குள் மூன்று அங்குலத்தை விட்டால் அது ஆடிக்கொண்டேதான் கிடக்கும். "எல்லாத்துக்கும் சேரும்" என்று எழுதி விற்கிற உறை எதற்குமே சரியாகச் சேராது என்பது விற்கிறவருக்குத் தெரியாதா?

அப்புறம் தோல். "ஒரிஜினல் லெதர்" என்று முத்திரை குத்தியிருந்தது. பெல்ட் நுழைகிற துளையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். பிரவுன் மேல்பூச்சு ஏடு ஏடாக உரிந்து, உள்ளே வெள்ளைத் துணி நூல் பல்லை இளித்தது. ரெக்சின்! இன்னொன்று உண்மையிலேயே தோல்தான், ஆனால் பர்ஸ் தைக்கிற மெல்லிய தோல். வெட்டிய விளிம்பைப் பார்த்தால் நடுவில் சாம்பல் கலந்த நீலம் தெரிந்தது. குரோம் உப்பு போட்டுப் பதனிட்டதற்கு அது அடையாளம். ஷூவின் மேல்பாகத்துக்கும் பைக்கும் அது நல்ல தோல், குறை சொல்லவில்லை. ஆனால் வளவளவென்று இருக்கும், வடிவம் நிற்காது. ரிவால்வரை உருவியதும் வாய் மூடிக்கொள்ளும். திரும்பச் சொருக வேண்டுமானால் மற்றக் கையால் வாயைப் பிளந்து பிடிக்க வேண்டும், அதாவது குழல் முனைக்கு எதிரே நம் விரலையே நீட்ட வேண்டும்.

உறைக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட தோல். மூன்று மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நனைத்து, துப்பாக்கி வடிவத்தின் மேல் அழுத்தி, நிழலில் காயவிட்டால் அந்த வடிவம் அப்படியே நிற்கும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடத் தெரிந்த நாடு இது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் இருந்து தோல் பொருள் கப்பல் கப்பலாகப் போகிறது. அதே தமிழ்நாட்டின் தென்கோடியில் ஒரு முழம் நல்ல தோல் வாங்க நான் நாயாய் அலைய வேண்டுமா?

நம் ஊர்க் காற்றையாவது இவர்கள் கணக்கில் எடுக்கிறார்களா, அதுவும் இல்லை. ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் ஒரு மழை, மீதி நாளெல்லாம் கடலின் உப்புக்காற்று. பீரோவில் வைத்த பெல்ட்டிலேயே பூஞ்சை பிடிக்கிற ஊர். என் சித்தப்பாவிடம் உறை விற்றவர், "உள்ளேயே போட்டு வச்சிருங்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி அனுப்பினார். 2024 மார்ச்சில் தேர்தல் அறிவிப்பு வந்ததும் லைசென்ஸ் வைத்திருக்கிற மற்றவர்களைப்போல சித்தப்பாவும் ரிவால்வரைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார், உறையோடு. ஜூனில் கைக்கு வந்தபோது குழலின் மேல் தையல் ஓடிய இடமெல்லாம் அதே கோட்டில் பழுப்பாகத் துரு. அந்த நீலக்கருப்பு மெருகை ஊசியால் குத்தியதுபோல் அரித்திருந்தது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்டபோது தங்கிய உப்பும் அமிலமும் இரும்பைத் தின்னும். உறை, எடுத்துப் போவதற்கு. வீட்டிலோ ஸ்டேஷனிலோ மாதக்கணக்கில் இருக்கப்போகிறது என்றால் எண்ணெய் தடவித் தனியாகத்தான் வைக்க வேண்டும். விற்கிறவர் இதை ஒரு வரி சொல்லியிருந்தால் சித்தப்பாவுக்கு இந்த நட்டம் வந்திருக்காது. மனுஷன் அதைப் பிள்ளையைப்போலத் துடைத்து வைத்திருந்தார்.

பெல்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறையின் துளை இரண்டு அங்குலம், நம் பேன்ட் பெல்ட் ஒன்றரைக்கு மேல் போவதில்லை. உறை முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். வேட்டிக்குக் கட்டுகிற பச்சை பெல்ட்டில் மாட்டச் சொன்னார் ஒருவர். அது துணி, முக்கால் கிலோ தொங்கினால் மடங்கிவிடும்.

சரி, தைத்துக்கொள்ளலாம் என்று மார்த்தாண்டம் சந்தைப் பக்கம் செருப்பு தைக்கும் ஒரு பெரியவரிடம் போனேன். விற்கிற அத்தனை பேரும் கேட்காததை அவர்தான் கேட்டார், எந்தப் பக்கம் மாட்டுவேன், உட்காரும்போது இடுப்பில் குத்துமா என்று. துப்பாக்கியை அவரிடம் விட்டுவிட்டு வர முடியாது, விடவும் கூடாது. வெளிநாட்டில் ஒவ்வொரு மாடலுக்கும் பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மை அச்சு கிடைக்கிறது, நம் கான்பூர் .32க்கு நான் தேடிய இடத்திலெல்லாம் இல்லை. அதனால் தெரிந்த ஆசாரியிடம் அளவு கொடுத்துப் பலாக்கட்டையில் ஒன்று செதுக்கி வாங்கினேன். டிரிகர் வளையம், உருளையின் புடைப்பு, ஹாம்மர் எல்லாம் அச்சாக வந்திருக்கிறது. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கனமான தோலு கொண்டு வா மக்களே, தைச்சுத் தாறேன். இங்க கெடக்கது எல்லாம் செருப்பு வாருக்குத்தான் ஆவும்" என்றார்.

தோல் மண்டிக்குப் போன் போட்டால், முழுத் தோலாக எடுத்தால்தான் தருவோம், துண்டு போட மாட்டோம் என்கிறார்கள். எனக்கு வேண்டியது ஒன்றரை அடி. கெஞ்சியும் பார்த்துவிட்டேன்.

நம் மாவட்டத்தில் லைசென்ஸ் வைத்துக்கொண்டு இதே அவதியில் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு முழுத் தோல் எடுத்துவிடலாம். மூன்று அங்குல .32 வைத்திருக்கிறவர்களுக்கு என் பலாக்கட்டை அச்சையும் தருகிறேன். கூலியைப் பெரியவரிடம் பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் என் நிபந்தனை.