வரிசையின் வாலைப் பார்த்துவிட்டுச் சேருங்கள்

மலையேற்றக் குழுவில் சேர நினைக்கிறவர்கள் முதலில் பார்ப்பது உச்சியில் எடுத்த குரூப் போட்டோவைத்தான். அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள். கடைசியாக வந்து சேர்ந்தவர் எவ்வளவு நேரம் பிந்தி வந்தார், அவருக்காக யார் நின்றார்கள், அவர் மூச்சு வாங்கி முடிக்கும் முன்பே "கிளம்பலாமா?" என்று யாராவது எழுந்தார்களா என்பதெல்லாம் படத்தில் தெரியாது. என் கட்சி இதுதான்: குழுவின் தரம் தெரிய வேண்டுமென்றால் வாலில் வருகிறவரை அவர்கள் எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். ஷூ, பேக், தண்ணீர் எல்லாம் அதற்கு அப்புறம்.

அறிவிப்பிலிருந்தே தொடங்கலாம். "12 கிலோமீட்டர், ஈஸி" என்று ஒரு வரி போடுவார்கள். தூரத்தை மட்டும் சொல்லும் அறிவிப்பு பாதி அறிவிப்பு. மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேளுங்கள். 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொல்லிவைத்த கணக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். அதே 12 கிலோமீட்டரில் 200 மீட்டர்தான் ஏற்றம் என்றால் 2 மணி 45 நிமிடத்துக்குள் முடியும். 900 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட 4 மணி நேரம். இதுவும் நல்ல உடல்வாகு உள்ளவர் எங்கேயும் நிற்காமல் நடந்தால்தான். பதினைந்து பேர் சேர்ந்து போகும்போது ஓய்வு, போட்டோ, ஷூ கயிறு, ஒதுங்கப் போவது எல்லாம் சேர்த்து கால் பங்கிலிருந்து அரைப் பங்கு வரை கூட்டிக்கொள்ளுங்கள். அந்த 4 மணி நேரம் 5, 6 மணி நேரமாகிவிடும். ஈஸி என்று போட்டவர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கு ஈஸியாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து கேட்க வேண்டியது: அதிகபட்சம் எத்தனை பேர்? கடைசியில் வருவது யார்? எந்த நேரத்துக்கு மேல் உச்சி தொடாவிட்டாலும் திரும்பிவிடுவீர்கள்? ஒருவரால் முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் ஆகாது, பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் வேறு குழு தேடுங்கள். "கூட ஒருவரை அனுப்பித் திருப்பிக் கொண்டுவிடுவோம், அதற்காகத்தான் எப்போதும் இரண்டு பேர் பாதை தெரிந்தவர்கள் வருகிறார்கள்" என்று சொன்னால் அது பழக்கப்பட்ட பதில். பாதி வழியில் ஒருவரைத் தனியாக "நீங்க இங்கேயே உட்காருங்க, வரும்போது கூட்டிக்கிறோம்" என்று விட்டுவிட்டுப் போவதைச் சில குழுக்கள் சாதாரணமாகச் செய்கின்றன. வெயில் ஏறும், மேகம் இறங்கும், போனவர்கள் வேறு பாதையில் இறங்குவார்கள். உட்காரச் சொன்னவர் அங்கேயே உட்கார்ந்திருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

வரிசை எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். பாதையில் ஒரு சிற்றோடை. கல்லில் கால் வைத்துத் தாண்ட ஒருவருக்கு 30 நொடி. பதினைந்து பேர் ஒவ்வொருவராகத் தாண்டுகிறார்கள். முதலில் தாண்டியவர் நிற்காமல் நடந்தால், பதினைந்தாவது ஆள் அக்கரையில் கால் வைக்கும்போது 7 நிமிடம் ஓடியிருக்கும். மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்தில் முன்னவர் 450 மீட்டருக்கும் மேல் தாண்டிப் போயிருப்பார். யாரும் மெதுவாக நடக்கவில்லை, யாரும் ஓடவும் இல்லை. வரிசை தானாகவே இழுபட்டுவிட்டது. இப்போது பின்னால் இருப்பவர் எட்டிப் பிடிக்க வேகமாக நடக்கிறார், இதயம் துடிக்கிறது, வியர்வை கொட்டுகிறது. விழுந்த மரம், வழுக்குப் பாறை, வேலிக்கதவு என்று ஒவ்வொரு தடையிலும் இதே கதை. தெரிந்த தலைவர் தடையைத் தாண்டி, எல்லோரும் நிற்க இடம் இருக்கும் அளவுக்கு முன்னால் போய், அங்கே காத்திருப்பார். கடைசி ஆள் வந்த பிறகுதான் அடுத்த அடி.

ஓய்விலும் இப்படித்தான் ஓர் அநியாயம் நடக்கும். முன்னால் போனவர்கள் பத்து நிமிடம் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, படம் எடுத்து முடித்திருப்பார்கள். கடைசி ஆள் வந்து சேர்ந்ததும் "சரி, எல்லாரும் வந்தாச்சு" என்று பையைத் தூக்குவார்கள். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்குப் பூஜ்யம். ஓய்வு நேரத்தின் கடிகாரம் கடைசி ஆள் உட்கார்ந்த பிறகுதான் ஓட வேண்டும். முன்னால் வந்தவர்களுக்குக் குளிர் எடுத்தால் ஒரு மேலுடுப்பைப் போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொரு எளிய வித்தை: மெதுவாக நடப்பவரைத் தலைவருக்கு நேர்ப் பின்னால், இரண்டாவது இடத்தில் விடுவது. அவருடைய மூச்சுச் சத்தம் தலைவரின் காதில் விழும். முழு வாக்கியம் பேச முடிகிற வேகத்தில் போனால் சரி, இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். பெரும்பாலும் அதிகமாக இருப்பது முதல் அரை மணி நேரத்தில்தான். உற்சாகத்தில் ஓட்டிவிட்டு இரண்டாவது மணி நேரத்தில் முட்டி பிடித்து நிற்பார்கள்.

வழி தவறுவது பெரும்பாலும் பாதை பிரியும் இடத்தில். அதற்கு ஒரே விதி போதும்: உங்களுக்குப் பின்னால் வருகிறவர் உங்கள் கண்ணில் பட வேண்டும்; பிரிவு வந்தால், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பதை அவர் பார்க்கும் வரை நில்லுங்கள். கடைசியில் 'ஸ்வீப்' என்று ஒருவர் இருப்பார். அவரைத் தாண்டி யாரும் பின்னால் இருக்கக் கூடாது. அவரிடம் முதலுதவிப் பையும் பெயர்ப் பட்டியலும் இருக்க வேண்டும். ஸ்வீப்பாக இருப்பவர் பொறுமைசாலியாக இருப்பது முக்கியம்; முன்னால் ஓட முடியாமல் வாலில் மாட்டிக்கொண்டோமே என்று முகத்தைத் தூக்கி வைத்திருப்பவர் கூட நடந்தால் களைப்பு இரட்டிப்பாகும்.

ஒதுங்கப் போகிற விஷயத்தை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அதனாலேயே இரண்டு ஆபத்து. ஒன்று, சொல்லாமல் ஒதுங்கியவரை விட்டுவிட்டு ஸ்வீப் தாண்டிப் போய்விடுவார். பையைப் பாதையோரம் வைத்துவிட்டு ஒதுங்குவது நல்ல வழக்கம். பை கிடந்தால் ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்று பொருள், ஸ்வீப் அங்கேயே நிற்பார். இரண்டாவது, கூச்சத்தால் பெண்கள் பலர் தண்ணீரே குடிக்காமல் நடக்கிறார்கள். இதைத் தவிர்க்கத் தலைவர் தானாகவே "பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால், பத்து நிமிடம்" என்று அறிவித்துவிட வேண்டும். யாரும் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. மலம் கழிப்பதென்றால் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழக் குழி, மூடிவிட்டு வருவது, காகிதத்தைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வருவது. ஒரு குட்டிக் கரண்டி மண்வாரி பையில் இருந்தால் போதும்.

தண்ணீர் என்றதும் நினைவுக்கு வருகிறது. மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்பது தோராயக் கணக்கு. வெக்கை அதிகமென்றால் கூடும். 6 மணி நேரத்துக்கு 3 லிட்டர், அதாவது 3 கிலோ. குழாய் வைத்த தண்ணீர்ப் பையில் ஒரு சிக்கல், எவ்வளவு மீதி இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது, பாட்டிலில் தெரியும். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் தப்பு. உப்புச் சத்து நீர்த்துப் போய்த் தலைவலி, குமட்டல், தடுமாற்றம் வரும். அதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று நினைத்து இன்னும் குடிக்கக் கொடுப்பார்கள். உப்புள்ள தின்பண்டம் கூடவே போக வேண்டும்.

ஷூ விஷயத்தில் புதுசு கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். பழசு செய்யும் துரோகம் பலருக்குத் தெரியாது. அலமாரியில் பல வருடம் கிடந்த ஷூ வெளிப்பார்வைக்குப் புத்தம் புதிதாக இருக்கும். ஆனால் நடு அடிப்பாகத்தில் இருக்கும் பாலியூரித்தேன் நுரை காற்றிலுள்ள ஈரத்தாலேயே மெல்ல மெல்லச் சிதைந்துபோயிருக்கும். மூன்றாவது கிலோமீட்டரில் அடிப்பாகம் கேக் மாதிரி உதிரும், அல்லது வாயைப் பிளந்துகொண்டு தொங்கும். வீட்டிலேயே சோதித்துவிடுங்கள்: பக்கவாட்டு நுரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், ஷூவை நன்றாக மடக்குங்கள். விரிசல் விழுந்தாலோ பொடி உதிர்ந்தாலோ குப்பைக்குத்தான். குழுவில் யாராவது ஒருவரிடம் அகலமான பலமான டேப் ஒரு சுற்று இருந்தால், பிளந்த அடிப்பாகத்தைச் சுற்றிக் கட்டி ஒருவழியாக இறங்கிவிடலாம்.

ஷூ வாங்குவதைச் சாயங்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நடந்து நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகால் மேலெழும்பக் கூடாது. இறக்கத்தில் நகம் முன்னால் மோதிக் கறுத்துப்போவதற்குத் தளர்வான கயிறும் வெட்டாத நகமும்கூடக் காரணம்.

கொப்புளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது திடீரென்று வருவதில்லை. முதலில் ஒரு இடம் மட்டும் சூடாக உறுத்தும். அந்த நேரத்தில் நின்றுவிட்டால் 3 நிமிட வேலை: ஷூவைக் கழற்றி மணலைத் தட்டு, சாக்ஸின் சுருக்கத்தை நீவு, பாதத்தை நன்றாகத் துடைத்துக் காயவிடு, டேப்பின் மூலைகளைக் கத்தரியால் வட்டமாக வெட்டி ஒட்டு. மூலை கூர்மையாக இருந்தால் சாக்ஸில் மாட்டி உரிந்து வந்துவிடும். ஆனால் நடப்பது என்ன? கடைசியில் வருகிறவருக்குத்தான் நிற்கப் பயம். ஏற்கெனவே எல்லோரையும் காக்க வைக்கிறோம் என்ற கூச்சத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார். ஒரு மணி நேரத்தில் தோல் உரிந்து, அடுத்த மூன்று மணி நேரம் நொண்டுவார், குழுவும் கூடவே நொண்டும். 3 நிமிடத்தை மிச்சம் பிடிக்கப் போய் இழந்தது ஒரு மணி நேரத்துக்கும் மேல். முதல் அரை மணி நேரத்தில் தலைவர் வேண்டுமென்றே ஒரு தடவை நின்று "யாருக்காவது கால் உறுத்துதா?" என்று கேட்கும் குழுக்களில் இது நடப்பதில்லை.

உடையைச் சுருக்கமாக: ஜீன்ஸும் தடித்த பருத்தி பனியனும் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு காற்று அடித்ததும் உடம்பை நடுக்கும். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர்ந்தால் உடை சரி.

போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள், சிக்னலைத் தேடித் தேடித்தான் பேட்டரி தீரும். ஜிபிஎஸ் அதிலும் வேலை செய்யும், மேப்பை வீட்டிலேயே இறக்கி வைத்திருந்தால். பகல் நடைக்கும் தலையில் மாட்டும் ஹெட்லேம்ப் கட்டாயம். போன் டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினால் கை ஒன்று போயிற்று. விசில் ஒன்று கழுத்தில் இருக்கட்டும்: நிமிடத்துக்கு 6 ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி 6. இது உதவி கேட்கும் அழைப்பு. கேட்டவர் நிமிடத்துக்கு 3 ஊதிப் பதில் சொல்வார். வழி தவறியது புரிந்ததும் அங்கேயே நின்று ஊத வேண்டும். தேடி வருகிறவர்களுக்கு நகரும் ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

ஒட்டியே நடங்கள் என்று இவ்வளவு சொல்லிவிட்டு ஒரு விதிவிலக்கு. இடி. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் 30 நொடி என்றால் மின்னல் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அதுவே ஆபத்தான தூரம். முகடு, தனிமரம் இரண்டையும் விட்டு இறங்குங்கள். அப்போது மட்டும் குழு ஒருவருக்கொருவர் 15 மீட்டராவது பிரிந்து நிற்க வேண்டும், அடித்தால் எல்லோரையும் ஒரேயடியாகச் சாய்க்காமல் இருக்க. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே மறுபடி மேலே.

சேர்கிறவர் பக்கத்துக் கடமையும் இருக்கிறது. ஆஸ்துமா, சர்க்கரை, பழைய முட்டிக் காயம் எதுவானாலும் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து பையின் எந்த அறையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து. மறைத்துவிட்டு மேலே போய் மூச்சிரைக்க நிற்பது பத்துப் பேரின் நாளைக் கெடுக்கும் வேலை. பயிற்சிக்கு ஐந்தாறு வாரம் வாரத்தில் மூன்று நாள் பையில் எடை போட்டுப் படிக்கட்டு ஏறி இறங்குங்கள். இறங்குவதைத் தவிர்க்க லிஃப்ட் பிடிக்காதீர்கள். மறுநாள் தொடையைப் பிடித்துக்கொள்வது இறக்கத்தால்தான், சமதளத்தில் எவ்வளவு நடந்தாலும் அந்தத் தசை பழகாது. நடுவில் கிளம்ப வேண்டியிருந்தால் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லாமல் வீட்டுக்குப் போய்விட்ட ஒருவரைத் தேடி மற்றவர்கள் இருட்டில் காட்டுக்குள் திரும்ப ஏறிய கதை எல்லாக் குழுக்களிலும் ஒன்றாவது இருக்கும்.

முதல் முறை போகும்போது முன்னால் நடக்கத் தெம்பு இருந்தாலும் வாலில், ஸ்வீப்போடு நடங்கள். தடையில் நிற்கிறார்களா, ஓய்வுக் கடிகாரம் எப்போது ஓடுகிறது, பிரிவில் யார் காத்திருக்கிறார்கள் எல்லாம் அங்கிருந்துதான் தெரியும். கீழே இறங்கியதும் வண்டி நிறுத்திய இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். முன்னால் வந்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்களா, இல்லை தலைவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் சொல்லி எண்ணிக்கொண்டிருக்கிறாரா என்று.