பள்ளியைப் பூட்டிய ஆண்டுகளுக்குப் பதிவேடு கேட்டவருக்கு

சனிக்கிழமை நிகழ்ச்சியில் நடந்ததை வந்திருந்த எல்லோரும் பார்த்தீர்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஃபார்ம்வில் என்ற சிற்றூரில் பிறந்து, ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற, எழுபதைக் கடந்த கறுப்பினப் பெண்மணி தம் ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "இது உங்கள் நினைவுதானே, ஆவணம் உண்டா?" என்று நம்மவர் ஒருவர் குறுக்கிட்டது இரண்டு நாளாக என்னை அறுத்துக்கொண்டிருக்கிறது.

ஆவணம் கேட்பதைத் தவறென்று சொல்லமாட்டேன். அந்த ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென 180 பேருக்குக் கட்டிய மோட்டன் உயர்நிலைப் பள்ளியில் 450 பேருக்கு மேல் சேர்த்து, இடமில்லாதவர்களைத் தார்த்தாள் கொட்டகைகளில் உட்காரவைத்ததை எதிர்த்து, 1951 ஏப்ரல் 23 அன்று 16 வயது பார்பரா ஜான்ஸ் தலைமையில் மாணவர்கள் வெளியேறியதற்கு ஆவணம் இருக்கிறது. நிறத்தால் பிரித்த பள்ளிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்ற 1954 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்புப் பிள்ளைகளை உட்காரவைக்க மனமில்லாத, அந்த ஊர் அடங்கிய பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி (மாவட்ட) நிர்வாகம், 1959-இல் அரசுப் பள்ளிகள் அனைத்தையும் மூடியதற்கும், 1964-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே அவை திறந்ததற்கும் ஆவணம் இருக்கிறது. ஆனால் நடக்காத வகுப்புக்கு வருகைப் பதிவேடு எங்கிருந்து வரும்? அந்த 5 ஆண்டுகளைக் கறுப்பினக் குடும்பங்கள் எப்படிக் கடந்தன என்பது இவரைப் போன்றவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஒரே வாசகப் புத்தகத்தை நான்கு பேர் மடியில் விரித்துப் படித்ததையும், பக்கம் புரட்டும் வேலை தம் அக்காவுக்கு மட்டுமே உரியதாக இருந்ததையும் சொன்னபோது, அவருடைய விரல் தானாகவே காற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டியது. எந்த ஆவணம் இதைச் சொல்லும்?

வீட்டிலேயே படித்திருக்கலாமே என்றும் ஒருவர் கேட்டார். நான் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். கொரோனா முடிந்து வந்த பிள்ளைகளில் ஒருவன் பென்சிலைக் கைமுட்டிக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தன் பெயரின் மூன்றாவது எழுத்தில் அழத் தொடங்கினான். அவனுக்குக் கணினியும் நானும் இருந்தோம். அந்த ஊரில் வெள்ளைப் பிள்ளைகளுக்கு உடனே தனியார் பள்ளி கிடைத்தது; கறுப்பினப் பிள்ளைகள் பலர் பிறகு பள்ளிக்குத் திரும்பவே இல்லை.

அவர் பேச்சைப் பாதியில் நிறுத்தியதற்கு, நேரம் போதவில்லை என்று அமைப்பாளர்கள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பொன்னாடை போர்த்த நமக்கு 40 நிமிடம் இருந்தது. அவரைப் பேச அழைத்தவள் நான். வண்டி வரை கூடப் போனபோது அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வெளியூரில் முன்பின் அறியாத ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க அக்கா பேருந்து ஏறியதைச் சொன்ன இடத்தில் அவர் பேச்சை நிறுத்தினோம். அக்கா திரும்பி வந்தாரா என்பது எனக்கு இன்னும் தெரியாது.